33,613 கேலக்ஸிகளும் ஒரு ரப்பர் பேண்டும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, பரீட்சை, ரெக்கார்டு நோட்டு என்று ஏதாவது ஒரு சாக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. தலைப்பைப் பார்த்து அறிவியல் புனைகதை என்று நினைத்துவிட வேண்டாம். ஈர்ப்பு விசை என்ற ஒன்று அடிப்படையில் கிடையவே கிடையாது, அது தகவலின் பக்கவிளைவு என்று ஒருவர் சொன்னார். அதை நிஜ வானத்தில் வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். அந்தக் கதைதான். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். ப்ளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருந்தால் போதும். இல்லாவிட்டால் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுங்கள், தப்பில்லை.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடுவோம். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கடைசியில் இருக்கும் நெப்டியூன் நொடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் கூட ஓடுவதில்லை. தூரம் போகப் போக ஈர்ப்பு குறையும், வேகமும் குறையும். நியூட்டன் சொன்ன கணக்கு அப்படியே பொருந்துகிறது. கேலக்ஸிகளிலும் இப்படித்தானே இருக்க வேண்டும்? 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். விளிம்புப் பக்கம் வேகம் எதிர்பார்த்த மாதிரி குறையவில்லை. பிறகு ஒவ்வொரு கேலக்ஸியாகப் பார்க்கப் பார்க்க அதே கதை. வேகம் ஒரு அளவுக்கு மேல் குறைய மாட்டேன் என்று அடம் பிடித்து, தட்டையாகவே போகிறது. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள், வாயு எல்லாவற்றின் ஈர்ப்பையும் கூட்டினாலும் அந்த வேகத்துக்குக் கட்டுப்படியாகாது.

இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் அங்கே நிறைய இருக்கிறது என்பது ஒன்று. அதுதான் கரும்பொருள். இல்லை, நம் ஈர்ப்பு விதியே அந்த இடத்தில் மாறுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்குமே வரலாற்றில் முன்னுதாரணம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. யுரேனஸின் பாதை கணக்கோடு ஒத்துவராதபோது, தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது என்றார்கள். 1846ல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் பாதை ஒத்துவராதபோதும் அதே மாதிரி வல்கன் என்று ஒரு கிரகத்துக்குப் பெயரெல்லாம் வைத்துத் தேடினார்கள், கிடைக்கவே இல்லை. 1915ல் ஐன்ஸ்டைன் வந்து விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. ஆக, முன்னோர் வழி பார்த்தால் ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று!

பெரும்பாலான விஞ்ஞானிகள் கரும்பொருள் பக்கம்தான். அதற்குக் காரணமும் உண்டு. ஆதி வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் தெரியும் ஏற்ற இறக்கங்களைக் கரும்பொருள் அவ்வளவு துல்லியமாக விளக்குகிறது. ஆனால் அந்தத் துகளை இதுவரை ஒருவரும் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் 7 டன் திரவ ஸெனானை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். 2022லும் 2024லும் வெளிவந்த முடிவுகளில் ஒன்றும் சிக்கவில்லை.

இப்போது நம் கதாநாயகர். எரிக் வெர்லிண்டே, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம். இவருடைய இரட்டைச் சகோதரர் ஹெர்மன் பிரின்ஸ்டனில் இருக்கிறார், அவரும் இதே இயற்பியல்தான் (வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு எப்படி இருந்திருக்குமோ!). 2009ல் தெற்கு பிரான்சுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் எரிக்கின் லேப்டாப், பாஸ்போர்ட், சாவி எல்லாம் திருடுபோக, ஒரு வாரம் கூடுதலாக அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அந்த வாரத்தில்தான் யோசனை உருண்டு திரண்டதாம். 2010 ஜனவரியில் கட்டுரை வந்தது. அதில் அவர் சொன்னது: ஈர்ப்பு ஒரு அடிப்படை விசை அல்ல, அது என்ட்ரோபியின் விசை.

என்ட்ரோபியின் விசை என்றால்? ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். (நிஜமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மேஜை டிராயரில் இருக்கும்.) சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள். லேசாகச் சுடும். தளர விட்டு மறுபடி வையுங்கள். ஜில்லென்று இருக்கும். ரப்பருக்குள்ளே நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இருக்கின்றன. தளர்ந்திருக்கும்போது அவை நூடுல்ஸ் மாதிரி எப்படி வேண்டுமானாலும் சுருண்டு கிடக்கலாம். அதற்குக் கோடிக்கணக்கான வழிகள். இழுத்து நீட்டினால் கிட்டத்தட்ட நேராக நின்றாக வேண்டும், வழிகள் குறைந்துவிடும். ரப்பர் திரும்பச் சுருங்குவதற்குக் காரணம், மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பது அல்ல. சுருண்டு கிடப்பதற்கு வழிகள் அதிகம் என்பதுதான். வெறும் எண்ணிக்கை. ஆனால் உங்கள் விரலுக்கு அது விசையாகத் தெரிகிறது! தனி ஒரு மூலக்கூறில் போய் இந்த விசையைத் தேடினால் கிடைக்காது. ஒரு தண்ணீர் மூலக்கூறில் ஈரத்தைத் தேடுகிற மாதிரிதான்.

ஈர்ப்பும் இப்படிப்பட்டதே என்கிறார் வெர்லிண்டே. எதன் எண்ணிக்கை? தகவலின் எண்ணிக்கை. இந்த இடத்தில் கருந்துளைகளைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ள வேண்டும். 1970களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு என்று காட்டினார்கள். அது கருந்துளையின் கொள்ளளவைப் பொறுத்து இல்லை, மேற்பரப்பைப் பொறுத்து இருந்தது. யோசித்தால் ரொம்ப விநோதம். ஒரு நூலகத்தில் எத்தனை புத்தகம் அடங்கும் என்பது அறையின் அளவைப் பொறுத்தது அல்ல, நாலு சுவரின் பரப்பைப் பொறுத்தது என்று சொல்கிற மாதிரி. இதிலிருந்து, வெளி என்பதே ஏதோ நுண்ணிய தகவல் துணுக்குகளால் நெய்யப்பட்டதாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. 1995ல் டெட் ஜேக்கப்சன், வெப்ப இயக்கவியலிலிருந்தே ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை வரவழைத்துக் காட்டினார். நம் ஊர் ஆள் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்து, புனேவில் ஐயூகா நிறுவனத்தில் இருந்த தாணு பத்மநாபன், வெர்லிண்டேவுக்கு முன்பிருந்தே இந்தத் திசையில் கட்டுரை கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். 2021ல் காலமாகிவிட்டார். வெர்லிண்டேவைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற அளவுக்கு இவரைப் பற்றி வருவதில்லை என்பது என் ஆதங்கம்.

2010 கட்டுரையில் இருந்தது பழைய நியூட்டன் விதிதான், புதிய வழியில் வந்தது, அவ்வளவே. ஏற்கெனவே தெரிந்த விடையை வேறு ரூட்டில் கொண்டுவந்தால் அதை எப்படிச் சோதிப்பது? அதனால் நிறைய பேர் "அழகாத்தான் இருக்கு, அதனால என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். 2016 நவம்பரில்தான் ஆட்டம் சூடுபிடித்தது. அந்த மாதம் வந்த இரண்டாவது கட்டுரையில் கரும் ஆற்றலையும் கணக்கில் சேர்த்தார். கரும் ஆற்றல் நிரம்பிய வெளியில் சுவரில் மட்டுமல்ல, அறை முழுக்கவும் கொஞ்சம் என்ட்ரோபி பரவியிருக்கிறது என்றார். அங்கே ஒரு பொருளைக் கொண்டு வைத்தால், அது அந்த என்ட்ரோபியைக் கொஞ்சம் விலக்குகிறது. இலவம்பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் பஞ்சு அமுங்கி, திரும்பவும் நம்மைத் தள்ளுமே, அது மாதிரி வெளியும் எதிர்வினை செய்கிறது. அந்த எதிர்வினைதான் நமக்குக் கூடுதல் ஈர்ப்பாகத் தெரிகிறது. கரும்பொருள் என்று ஒரு பொருளே இல்லை!

முக்கியமான விஷயம், அந்தக் கூடுதல் ஈர்ப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு எண் வந்தது. நியூட்டன் சொல்லும் ஈர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஒரு மாறாத முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் கூடுதல். அந்த மாறாத முடுக்கம் என்ன? ஒளியின் வேகத்தைப் பிரபஞ்சம் விரியும் வீதத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். அந்த ஆறு கூட இஷ்டத்துக்குப் போட்டதல்ல, காலவெளிக்கு நான்கு பரிமாணம் என்பதிலிருந்து வருகிறது.

நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். விடை, மீட்டர் கணக்கில், ஆயிரம் கோடியில் 1.13 பங்கு. நம் காலடியில் இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்பதோடு ஒப்பிட்டால் இது எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கு சொச்சம். இதில் என்ன விசேஷம் என்றால், கேலக்ஸிகளை அளந்தவர்களுக்கு ஏற்கெனவே இப்படி ஒரு எண் கிடைத்திருந்தது. 1983ல் மில்க்ரோம் என்ற இஸ்ரேலிய இயற்பியலாளர், முடுக்கம் ஒரு அளவுக்குக் கீழே போனால் நியூட்டன் விதி மாறுகிறது என்று ஒரு யோசனை சொன்னார். மாண்ட் என்று பெயர். அதற்கு ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, பொருந்துகிறது, அவ்வளவுதான். 2016ல் மெக்கா, லெல்லி, ஷோம்பர்ட் மூவரும் 153 கேலக்ஸிகளை வைத்து அந்த எல்லை முடுக்கத்தை எடுத்தபோது வந்தது ஆயிரம் கோடியில் 1.2. வெர்லிண்டேவின் 1.13 எங்கே, இந்த 1.2 எங்கே! எதையும் திருகாமல், கேலக்ஸியையே பார்க்காமல் வந்த எண்ணல்லவா அது? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. (பிரபஞ்சம் விரியும் வீதத்தோடு இந்த எண் ஒத்துப்போவதை மில்க்ரோமே அந்தக் காலத்திலேயே கவனித்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒற்றுமையைக் கவனித்தார், இவர் காரணம் சொன்னார்.)

அடுத்து நம் பால்வீதிக்குப் போட்டேன். கண்ணுக்குத் தெரியும் பொருள் மொத்தம் 6000 கோடி சூரியன்கள் என்று வைத்துக்கொண்டு, அத்தனையும் மையத்தில் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக ஒரு முரட்டுக் கணக்கு. சூரியன் இருக்கும் 26,000 ஒளியாண்டு தூரத்தில் நியூட்டன் மட்டும் என்றால் நொடிக்கு 179 கிலோமீட்டர் வருகிறது. வெர்லிண்டேவைச் சேர்த்தால் 249. அளந்த வேகம் 230க்குப் பக்கம். இன்னும் வெளியே, 65,000 ஒளியாண்டு தூரத்தில் நியூட்டன் 114, வெர்லிண்டே 207. அளந்தது 200க்கு அருகில். அரைப் பக்கக் கணக்குக்கு இது ரொம்ப ஜோர். அந்த 249ஐ மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இனி சோதனைக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமில் கட்டுரை வந்த அடுத்த மாதமே, ரயிலில் போனால் முக்கால் மணி நேரம் கூட ஆகாத லைடனிலிருந்து பதில் வந்தது. லைடன் வானாய்வு நிலையத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மார்கோ பிரவரும் குழுவினரும் செய்தது. அதற்கு வேண்டிய படங்கள் ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. சிலியில் பாரனால் மலைமேல் 2.6 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து எடுக்கும் கிட்ஸ் என்ற வான்கணக்கெடுப்பு (கிட்ஸ் என்றால் குழந்தைகள் இல்லை, கிலோ டிகிரி சர்வே, அதாவது ஆயிரம் சதுர டிகிரி). கேலக்ஸிகளின் தூரத்துக்கு, ஆஸ்திரேலியாவில் எடுத்த காமா என்ற இன்னொரு கணக்கெடுப்பு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற 180 சதுர டிகிரி வானம். முழுநிலவு மாதிரி 900 வட்டங்களை ஒட்டி வைத்த பரப்பு.

சுழற்சி வேகத்தை வைத்து ஏன் சோதிக்கவில்லை என்று கேட்கலாம். கேலக்ஸியின் விளிம்பைத் தாண்டினால் சுழல்வதற்கு அங்கே நட்சத்திரமும் இல்லை, வாயுவும் இல்லை. ஆனால் ஈர்ப்பு இருக்கிறது. அதை அளக்க ஒரே வழி, பின்னால் இருந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பது. 1919 கிரகணத்தில் எடிங்டன் செய்த அதே வேலைதான், ஆனால் அதைவிடப் பல மடங்கு கஷ்டம். முன்னால் ஒரு கேலக்ஸி, பின்னால் வெகுதூரத்தில் இன்னும் பல கேலக்ஸிகள். முன்னால் இருப்பதன் ஈர்ப்பால் பின்னால் இருப்பவற்றின் உருவம் கொஞ்சம் நசுங்கித் தெரியும். எவ்வளவு? நூறில் ஒரு பங்குக்கும் கீழே, விளிம்பிலிருந்து விலகிப் போகப் போக ஆயிரத்தில் ஒரு பங்கு. கேலக்ஸியோ பிறவியிலேயே நீள்வட்டம்; அந்தப் பிறவி நசுக்கல் நூறில் முப்பது இருக்கும். ஒரு கேலக்ஸியைப் பார்த்து இது பிறவியா, வளைவா என்று சொல்லவே முடியாது. சராசரிதான் கதி. முப்பது சதவிகித இரைச்சலை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க 300 மடங்கு வேண்டும். சராசரியில் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலம் கணக்கில்தான் குறையும் என்பதால் 300ஐ 300ஆல் பெருக்கி, 90,000 பின்னணிக் கேலக்ஸிகள் வேண்டும். ஒரு புள்ளி வைக்க! அதனால்தான் 33,613 கேலக்ஸிகளை முன்னால் நிறுத்தி, எடைவாரியாக நான்கு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சராசரி எடுத்தார்கள்.

முடிவு? வெர்லிண்டேவின் வளைகோடு நான்கு கூட்டத்திலும் நன்றாகவே பொருந்தியது. எதையும் திருகாமல். 'முதல் சோதனையில் பாஸ்' என்ற ரீதியில் செய்திகள் வந்தன. அறைத்தோழனிடம் இதை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. "சரிடா, கரும்பொருள் பொருந்தலையா?"

பொருந்தியது. அதுவும் நன்றாகவே பொருந்தியது. கரும்பொருளுக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் 'இங்கே எவ்வளவு கரும்பொருள்' என்று ஒரு எண்ணைத் திருகிக்கொள்ள அனுமதி உண்டு. திருகாமலே பொருந்துவது பெரிய விஷயம்தான், அதற்குக் கூடுதல் மார்க் உண்டு. அந்த மார்க்கையும் சேர்த்துத்தான் வெர்லிண்டே கரும்பொருளுக்குக் குறைவில்லை என்று கட்டுரை சொன்னது. ஆனால் கரும்பொருள்காரர்களின் திருகும் முழுச் சுதந்திரம் இல்லை. இவ்வளவு எடையுள்ள கேலக்ஸிக்கு இவ்வளவு கரும்பொருள் இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கணினிக் கணக்குகள் இருக்கின்றன, கிடைத்த எண்கள் அவற்றுக்குப் புறம்பாக இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சோதனைக்காக வெர்லிண்டே கோட்பாடு எதிரி வீட்டிலிருந்து இரண்டு சாமான் கடன் வாங்கியது. ஒளி எப்படி வளையும் என்று அதற்கென்று தனிக் கணக்கு இல்லை. ஐன்ஸ்டைன் சொன்னபடியே வளையும் என்று வைத்துக்கொண்டார்கள். தூரத்தைக் கணக்கிடப் பிரபஞ்சம் விரிந்த வரலாறு வேண்டும். அதுவும் அதனிடம் இல்லை, கரும்பொருள் இருக்கும் வழக்கமான மாடலிலிருந்து எடுத்தார்கள். பிரவர் குழு இதையெல்லாம் ஒளித்து வைக்கவில்லை, கட்டுரையிலேயே இருக்கிறது. செய்திகளில்தான் இருக்காது. தவிர, அந்தச் சூத்திரம் உருண்டையாக, அசையாமல், தனியாக இருக்கும் பொருளுக்கு மட்டும்தான். அதனால்தான் பக்கத்தில் பெரிய ஆள் யாரும் இல்லாத தனிக் கேலக்ஸிகளாகப் பொறுக்கினார்கள். புல்லட் கிளஸ்டர் மாதிரி இரண்டு கூட்டங்கள் மோதிக்கொள்ளும் இடத்தைக் காட்டி 'இதற்கு என்ன சொல்கிறாய்?' என்று கேட்டால், கோட்பாடு வாயே திறக்காது.

அடுத்த வருஷம், 2017ல், உள்பக்கம் இடி விழுந்தது. லெல்லி, மெக்கா, ஷோம்பர்ட் தங்களுடைய சுழற்சி அளவுகளை வைத்து வெர்லிண்டேவைச் சோதித்தார்கள். விளிம்பில் சரி. ஆனால் நியூட்டன் ஆட்சி முடிந்து புது ஆட்சி தொடங்கும் இடைப்பகுதியில் வெர்லிண்டேவின் ஈர்ப்பு ரொம்ப அதிகம். அதைச் சரிக்கட்ட வேண்டுமானால், நட்சத்திரங்களின் எடை நாம் வேறு வழிகளில் அறிந்ததைவிடக் குறைவு என்று சொல்ல வேண்டும். ஞாபகம் இருக்கிறதா, என் நோட்டில் வந்த 249? 230 இருக்க வேண்டிய இடத்தில். என்னுடையது புள்ளிக் கணக்கு, அதை வைத்து யாரையும் தூக்கில் போட முடியாது. ஆனாலும் தவறு போகும் திசை அதேதான்.

சூரியக் குடும்பத்துக்கு வந்தால் இன்னும் மோசம். அதே சூத்திரத்தைப் பூமிக்குப் போட்டால், சூரியனின் ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வருகிறது. அப்படி ஒன்று இருந்திருந்தால் எப்போதோ பிடிபட்டிருக்கும். பொருள் இவ்வளவு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் அந்த விளைவு அணைந்துவிடும் என்பது வெர்லிண்டே தரப்பு. இருக்கலாம். ஆனால் எங்கே, எப்படி அணைகிறது என்று ஒரு சமன்பாடு வேண்டாமா?

2021ல் பிரவரே மறுபடி வந்தார், இந்த முறை கிட்ஸின் ஆயிரம் சதுர டிகிரியும் கையில். முன்பு அளந்ததைவிட நூறு மடங்கு பலவீனமான முடுக்கம் வரை போனார்கள். மொத்தமாகச் சராசரி எடுத்தால் வெர்லிண்டேவும் பாஸ், மாண்டும் பாஸ். பிறகு கேலக்ஸிகளை இரண்டாகப் பிரித்தார்கள்: இளசான, நீலமான சுருள் கேலக்ஸிகள் ஒரு பக்கம், கிழடுதட்டிய, சிவந்த நீள்வட்டக் கேலக்ஸிகள் இன்னொரு பக்கம். நட்சத்திர எடை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் சிவப்புக்கு ஈர்ப்பு அதிகம்! தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு வித்தியாசம். கரும்பொருள்காரர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, இரண்டு வகைக்கும் வெவ்வேறு அளவு கரும்பொருள் இருந்துவிட்டுப் போகட்டும். வெர்லிண்டேவுக்குத்தான் சிக்கல். அவர் கோட்பாட்டில் எடை ஒன்று என்றால் ஈர்ப்பும் ஒன்று. நிறம் பார்க்க அதற்குத் தெரியாது. தப்பிக்க ஒரே ஓட்டை, சிவப்புக் கேலக்ஸிகளைச் சுற்றி மட்டும் நட்சத்திர எடைக்குச் சமமாக இதுவரை எண்ணப்படாத சூடான வாயு இருக்க வேண்டும்.

இதோடு முடிந்தது என்றுதான் தோன்றும். முடியவில்லை. 2024ல் மிஸ்டெலே என்பவர், மேற்சொன்ன மெக்கா, லெல்லியோடு சேர்ந்து, அதே கிட்ஸ் தரவை எடுத்து 'தனிக் கேலக்ஸி' என்பதற்கு இன்னும் கறாரான விதி வைத்தார். சிவப்புக் கேலக்ஸிகள் சுபாவத்திலேயே கூட்டம் சேரும் பேர்வழிகள். தனியாக இருப்பதாக நாம் நினைக்கும் சிவப்புக்குப் பக்கத்தில் கண்ணில் படாமல் இன்னொருவர் இருந்தால், அவர் ஈர்ப்பும் இதன் கணக்கில் ஏறிவிடும். கறாராக வடிகட்டி, நட்சத்திர எடையையும் ஒரே முறையில் மதிப்பிட்டால், சிவப்பும் நீலமும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. அதே வானம், அதே படங்கள். யாரைத் தனி ஆள் என்று பட்டியலில் சேர்ப்பது என்பதில் மட்டும் வித்தியாசம்!

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று உண்டு. அடுத்த வருஷம் மேற்படிப்புக்கு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்தாக வேண்டும். தகவலிலிருந்து ஈர்ப்பு என்பது நான் படித்த யோசனைகளிலேயே அழகானது, இன்னமும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இத்தனையையும் படித்த பிறகு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கேலக்ஸிகளில் இதுவரை சோதிக்கப்பட்டது தகவலும் இல்லை, என்ட்ரோபியும் இல்லை. ஒரு சூத்திரம். அதிலும் லென்ஸ் சோதனை நடந்த அந்த வெளிப்பகுதியில், வெர்லிண்டேவின் சூத்திரமும் மில்க்ரோம் 1983ல் காரணமே சொல்லாமல் எழுதிய சூத்திரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 33,613 கேலக்ஸிகள் சொன்ன 'ஆமாம்' இருவருக்கும் பொது. வெர்லிண்டேவுக்கு மட்டுமே சொந்தமான பகுதி என்றால் அந்த இடைப்பகுதி. அங்கேதான் அவர் இடறுகிறார்.

மீதி இருப்பது ஒளியின் வேகம், விரியும் வீதம், ஆறு என்ற அந்த உறவு. அதைச் சோதிக்க ஒரு வழி எனக்குத் தெரிகிறது. பிரபஞ்சம் விரியும் வீதம் காலத்தால் மாறியிருக்கிறது. சுமார் 780 கோடி ஆண்டுகளுக்கு முன் அது இன்றைக்கு இருப்பதைப் போல 1.76 மடங்கு. எல்லை முடுக்கமும் கூடவே மாறுகிறது என்றால், அதே எடையுள்ள கேலக்ஸி அன்று வெளிவிளிம்பில் 15 சதவிகிதம் வேகமாகச் சுழன்றிருக்க வேண்டும் (வேகத்தின் நான்காம் அடுக்கில் வருவதால் இவ்வளவு சின்னதாகச் சுருங்கிவிடுகிறது). மாறாது என்றால் அந்த 15 இருக்காது. வெர்லிண்டே எந்தப் பக்கம்? அவர் கணக்குப் போட்டது கரும் ஆற்றல் மட்டுமே நிரம்பிய, விரியும் வீதம் மாறாத ஒரு பிரபஞ்சத்துக்கு. நம்முடையதற்கு அவர் பதில் 'ஆமாம்' என்றும் எழுதப்படவில்லை, 'இல்லை' என்றும் எழுதப்படவில்லை. என்னைக் கேட்டால், சிவப்பு நீலச் சண்டையைவிட இந்த வெற்றிடம்தான் பெரிய குறை. எந்தப் பதில் வந்தாலும் கோட்பாடு உயிரோடு இருக்கும் என்றால் அளந்து என்ன பயன்?

படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2023 ஜூலையில் கிளம்பிய யூக்ளிட் விண்கலத்தின் திட்டம் 14,000 சதுர டிகிரி, கிட்ஸைப் போலப் பதினாலு மடங்கு. இந்தக் கதையைத் தொடங்கிவைத்த வேரா ரூபினின் பெயரில் சிலியில் கட்டிய வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. கறாராக வடிகட்டிய பிறகும் லட்சக்கணக்கில் தனிக் கேலக்ஸிகள் மிஞ்சும். சிவப்புக் கேலக்ஸிகளைச் சுற்றி அந்தச் சூடான வாயு இருக்கிறதா என்று எக்ஸ்ரே தொலைநோக்கிகளைத்தான் கேட்க வேண்டும். அந்த 15 சதவிகிதத்தைப் பற்றி ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு வரி வந்தால், நான் விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்பதும் முடிவாகிவிடும்.